எந்த மூன்று மணி

அடிஸ் அபாபா, பியாசா சரிவு,
செருப்புக் கடைக்கு மேல்மாடியில் பல் மருத்துவமனை.
என் மேசையில் ஒரு பதிவேடு, இரண்டு பேனா:
நீலம் டாக்டருக்கு,
சிவப்பு ஊருக்கு.

எங்கள் கணக்கில்
வெயில் ஏறி ஒரு மணி நேரமானால் மணி ஒன்று.
உச்சிப்பொழுதுக்கு ஆறு.
இருட்டியபின் மறுபடி ஒன்றிலிருந்து.
டாக்டர் ஹால்வர்சென் நார்வேயிலிருந்து கொண்டுவந்த கடிகாரம்
நாய்கூடத் தூங்கும் நடுச்சாமத்தில்
நாளைத் தொடங்கிவைக்கிறது.
யாருக்காம், என்று கேட்டேன் ஒருமுறை.
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

நான் விடுப்பில் இருந்த நாள் அவரே போனை எடுத்து
'தெவாபெச், மூன்று மணி' என்று நீலத்தில் எழுதிவிட்டார்.
அவள் சொன்னது ஊர் மூன்று.
காலையிலேயே வந்தவள்
வீங்கிய கன்னத்தைச் சால்வையால் கட்டிக்கொண்டு
சுவரோர நாற்காலியில்
ஆறு மணி நேரம்.
மறுநாள் மன்னிப்புக் கேட்க அழைத்தேன்.
"வீட்டில் ஐந்து பிள்ளைகள்," என்றாள்.
"ஒருத்தரும் கூப்பிடாமல் உட்கார்ந்து
எத்தனை வருஷமாச்சு."

அந்த ஆறு மணி நேரத்தை எந்த மையில் எழுத?

அதன்பின் கறாராகிவிட்டேன்.
முந்தின நாளே போன் போட்டு
காலையா மத்தியானமா, சொல்லிவிட்டு வை, என்பேன்.
வீட்டிலும் அப்படித்தான்.
குளிர்பெட்டிக் கதவில் பட்டியல்:
வாடகை, டெஃப் மாவு, ஹெவானின் பள்ளிக் காலணி,
தண்ணீர் வரும் கிழமை, வராத கிழமை,
பட்டியலைத் திருத்தி எழுதும் கிழமை.
முடித்துவிட்ட வேலையைக்கூட
குறுக்குக்கோடு போடும் சுகத்துக்காக
எழுதிவைத்ததுண்டு.

இரண்டு வருஷமாக என் வலது கடைவாய்ப் பல்
சர்க்கரையைக் கண்டால் அலறுகிறது.
பதிவேட்டைக் காவல் காப்பவளுக்குப்
பதிவேட்டில் ஒரு கட்டம் இல்லை.
"உன் பேர் எந்தப் பக்கம்?" என்றாள் தெவாபெச்,
தையல் பிரிக்க வந்தபோது.
தாள்களைப் புரட்டினேன்,
எங்கோ இருப்பதுபோல.

டாக்டரின் ஊரில் அச்சிட்ட பதிவேட்டுக்குப்
பன்னிரண்டு மாதம்தான் தெரியும்.
எங்கள் வருஷத்துக்கு வால்போல ஒன்று உண்டு, பகுமே.
ஐந்தே நாள், சில வருஷம் ஆறு.
வீட்டுக்காரர் கேட்காத மாதம்,
முதலாளி கொடுக்காத மாதம்.
செப்டம்பர்த் தாளின் ஓரத்தில் நெருக்கி எழுதினேன், சிவப்பில்:
பகுமே மூன்று. மூன்று மணி. வுபித்.
எந்த மூன்று என்று எழுதவில்லை.

அன்று மழை.
ரஃபேல் நாள் மழை, நனைந்தால் நல்லது என்பார்கள்.
வாயைப் பிளந்தபடி நான் சாய்ந்திருக்க
மின்சாரம் போயிற்று.
துளைக்கும் கருவி விக்கி நின்றது.
கீழே செருப்புக் கடைப் பையன்கள்
சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுத் தெருவில் குதிக்கும் சத்தம்.
டாக்டர் கையுறையோடு சுவரைப் பார்த்தார்.
கடிகாரமும் மின்சாரத்தில் ஓடுவதுதான்.

பாதி மரத்த உதட்டோடு படியிறங்கினேன்.
தலையில் விழுந்தது, காதில், கழுத்துப்பட்டைக்குள்.
எதிர்ச் சாரியில் ஒருத்தி
கைக்குழந்தையை மழைக்கு நீட்டிக் காட்டிச் சிரித்தாள்.
அங்கிப் பையில் சிவப்புப் பேனா கசிந்ததை
இரவில்தான் பார்த்தேன்.

மேலே ஜன்னலைத் திறந்து டாக்டர்
கரண்ட் வந்துவிட்டது, என்று கத்தினார்.
பல்லிடுக்கில் பஞ்சோடு என்ன பேச.
இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினேன்.
இரண்டு நிமிஷமா, இரண்டு மணியா,
அவர் எழுதிக்கொள்ளட்டும்,
நீலத்தில்.